பீஸ் பிடுங்கிய வீட்டில் எரிந்த விளக்கு

பீஸ் கட்டைகள் இரண்டும் சமையலறை ஜன்னலில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தன. மெயினை அணைத்து, கட்டைகளைப் பிடுங்கி, அங்கே வைத்துவிட்டுத்தான் என் கணவர் காலை பஸ்ஸுக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் பொட்டுக் கரண்ட் கிடையாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு நடு அறையைக் கடந்தேன். திரு இருதயப் படத்துக்குக் கீழே அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மங்கலாகத்தான் எரிந்தது. லேசாக நடுங்கியது. காதை வைத்துக் கேட்டால் ஈ முனகுவதுபோல ஒரு சத்தமும் வந்தது. வெளியே கொளுத்தும் வெயில், முட்டையிட்ட கோழியின் கொக்கரிப்பு, பக்கத்துக் காட்டில் யாரோ மாட்டை அதட்டும் குரல். பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை. ஆனாலும் என் கை மயிர் எழுந்து நின்றது.

"அத்தை" என்று கூப்பிட்டேன்.

என் மாமியார் ஞானம்மா பின்கட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு, அதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, விளக்கை விட்டுவிட்டுப் பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரோ உள்ளே வந்திருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"எரியட்டும் விடு" என்றார். அன்று சாயங்காலம் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் இரண்டு வேளை சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் வெடித்த மத்தியானம்

போன வாரம் என்னைக் கட்டிக்கொடுத்த கதையோடு நிறுத்தியிருந்தேன். தீர்த்தமலை அடிவாரத்துப் பெண்ணை, கடத்தூருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் கொடுத்தார்கள். எங்களைப் போலவே விவசாயம் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். மரவள்ளியும் மஞ்சளும் போடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் கிணறு, அதன் மேட்டில் மோட்டார் கொட்டகை. கணவருக்குத் தர்மபுரியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை.

எண்பதுகளின் நடுவில், ஒரு கோடையின் கடைசியில் அது நடந்தது. மத்தியானத்தில் திடீரென்று காற்று கிளம்பி, ஊர்க் கோடியில் இருந்த புளியமரத்தின் பெரிய கிளை ஒன்று கரண்ட் கம்பிமேல் விழுந்துவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு முதலில் தெரிந்தது சமையலறை பல்புதான். எப்போதும் அழுது வடியும் பல்பு அது. அதன்கீழ் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தட்டில் இருந்த ஒவ்வொரு பருப்புக்கும் தனித்தனி நிழல் விழுந்தது. அட, வோல்டேஜ் நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், என் புத்தி அப்படி.

மறுகணம் பல்பு நிமிர்ந்து பார்க்க முடியாத வெள்ளையானது. நடு அறையில் மேசை விசிறி உறுமிக்கொண்டு மேசையிலேயே நகர ஆரம்பித்தது. ரேடியோவில் உர விலை சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் கட்டைக்குரலாகி, இழுபட்டு, பாதி வார்த்தையில் நின்றது. பிறகு ஒவ்வோர் அறையாகப் பல்புகள் வெடித்தன. முன்னறையில் ஒன்று, நடு அறையில் ஒன்று, கடைசியாக என் தலைக்கு மேல். யாரோ வீட்டுக்குள் நடந்து வந்து வரிசையாக அடித்துக்கொண்டு போனதுபோல இருந்தது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ரப்பர் கருகிய நாற்றம் மட்டும் இருந்தது. அந்த நாற்றம் நாள்கணக்கில் துணிமணிகளில்கூடத் தங்கிவிட்டது. மறுநாள் காலை என் கணவர் பீஸைப் பிடுங்கி வைத்தது அதனால்தான்.

மிக்ஸிக்கு ஒரு கண்ணீர்

ஊரில் பாதி வீட்டில் இதே கதை. யார் வீட்டில் என்ன போயிற்று என்று சாவு வீட்டில் விசாரிப்பதுபோல விசாரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ, விசிறி, இஸ்திரிப் பெட்டி, என் சீராக வந்த மிக்ஸி எல்லாம் போயின.

மிக்ஸி போனதற்கு நான் அழுதேன், மறைக்கவில்லை. அந்த மிக்ஸியைப் பார்த்து, "சட்டினி அரைக்கறதுக்கு இத்தினி கூச்சல் எதுக்கு?" என்று அத்தை கேலி செய்வார். அதைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றியவரும் அவர்தான். அம்மியைக் கழுவி என் முன்னால் நகர்த்தி வைத்தார். சுளுக்கிய மணிக்கட்டோடு ஒரு வாரம் அரைத்தேன்.

அதைவிடக் கண்ணாடித் தூள்தான் பாடாய்ப் படுத்தியது. அரிசியில், மாவில், பாய் இடுக்கில் என்று எங்கும் கிடந்தது. சாணம் மெழுகிய தரையில் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுத்தோம். திறந்திருந்த கேழ்வரகு மாவைக் கோழிக்குக்கூடப் போடவில்லை, குழி தோண்டிப் புதைத்தோம். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். ஒவ்வொரு கவளத்தையும் நாக்கால் தடவிப் பார்த்துத்தான் விழுங்கினேன்.

அத்தனையும் கருகிய வீட்டில் உடையாமல் தப்பியது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான். வேளாங்கண்ணியில் வாங்கியது. உள்ளே கம்பிச்சுருள் கிடையாது. சிலுவை வடிவில் ஒரு தகடு இருக்கும், அதுதான் சிவப்பாக ஒளிரும். வீட்டில் படத்தை வைத்துச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த நாளிலிருந்து, அதன் பித்தளைச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆணியில் ஒரு ஜோடி செருப்பு

இங்கே சவரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தம்பி. நான் அவனைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கல்யாணமாவதற்குமுன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டான்.

மோட்டார் அவன் பொறுப்பில் இருந்தது. எங்கள் பக்கத்தில் மோட்டாருக்கான மூணு பேஸ் கரண்ட் எல்லா நேரமும் வராது. அந்தச் சமயத்தில் மத்தியானங்களில்தான் வந்துகொண்டிருந்தது. வந்தவுடன் ஓடிப்போய் மோட்டார் போட வேண்டும். ஒருநாள் போட மறந்து தூங்கிவிட்டான். மரவள்ளி வாடிக் கிடந்த நேரம். மாமனார் வந்து எல்லோர் முன்னாலும் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவன் பதில் பேசவில்லை. வெறுங்காலோடு வாசல் இறங்கிப் போனவன் திரும்பவில்லை. தொப்பூரில் லாரிகள் நிற்கும் சாப்பாட்டுக் கடையில் ஒரு லாரியில் ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். என் கணவர் கடை கடையாக விசாரித்தார். அந்தப் பாதையில் கவிழ்ந்து கிடந்த லாரிகளையும் நின்று பார்த்துவிட்டு வருவார். அதை அம்மாவிடம் சொன்னதில்லை.

மோட்டார் போடப் போகும்போது அவன் மாட்டிக்கொள்ளும் ரப்பர் செருப்பு பின்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. யாரும் அதைத் தொடக்கூடாது. தூசி தட்டக்கூட அத்தை என்னை விட்டதில்லை.

அவன் வரும்வரை திரு இருதயத்தின் விளக்கு அணையக்கூடாது என்பதும், அதுவரை ஒரே வேளைச் சாப்பாடு என்பதும் அத்தையின் நேர்ச்சை. கரண்ட் நின்றால் உடனே மெழுகுவர்த்தி ஏற்றுவார். மாமனார் அந்த அறைப் பக்கமே வர மாட்டார். மகனின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

இப்போது புரிகிறதா, பீஸ் பிடுங்கிய வீட்டில் அந்த விளக்கு தானாக எரிந்தால் ஒரு தாய்க்கு அது என்னவென்று?

வந்த வேகத்தில் போனவர்

வயரிங் வேலை பார்க்கும் முனிராஜை என் கணவர் வரச் சொல்லியிருந்தார். முன்னறை ஒயர்களையெல்லாம் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "எல்லாத்தையும் மாத்தணுங்க" என்றபடியே நடு அறைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிய ஆரம்பித்தது. கண் திறப்பதுபோல மெல்ல எரிந்தது.

முனிராஜ் நின்றார். ஜன்னலுக்குப் போய்ப் பீஸ் கட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்து விளக்கைப் பார்த்தார்.

"கட்டை ரெண்டும் என் கையில இருக்குதுங்களே. அப்பறம் இது எப்படிங்க எரியுது?"

"அதத்தான் நாங்க உங்களக் கேக்கறோம்" என்றேன்.

டெஸ்டரை எடுத்தார். என்ன நினைத்தாரோ, திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "சாமி வெசயம்ங்க. ஆடி கழியட்டும், வந்து பாக்கறேன்." சைக்கிளில் ஏறும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. ஆடிக்கு அப்போது இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

பலகை வந்த பிறகு

முனிராஜின் வாயை யார் மூடுவது? மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் கோயில்காரர்கள் மட்டுமில்லை, மாரியம்மன் கோயில் தெருவிலிருந்தும் பெண்கள் கற்பூரத்தோடு வந்தார்கள். மத்தியானம் விளக்கு எரியும்வரை காத்திருந்து, எரிந்ததும் ஒவ்வொருவராகப் படத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார்கள். தொட்டவர்களுக்கு விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஏதோ ஓடியது.

"மேலெல்லாம் சிலுத்துப்போச்சு" என்று ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டு, "யாரோ என் வெரலப் பிடிச்சாங்க" என்றாள்.

எனக்கு இரண்டு விஷயங்கள் பிடிக்கவில்லை. ஒன்று, எங்கள் பூனை. எப்போதும் அந்தச் சுவரோரம் குளிர்ச்சிக்குப் படுத்திருக்கும். இப்போது அறையின் எதிர்ப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு போயிற்று. இன்னொன்று, அத்தை என்னைப் படத்தின் கிட்டேயே விடவில்லை.

"புள்ளத்தாச்சி தொடப்படாது."

"ஊரே தொடுது. நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?"

"சொன்னா கேளு. தள்ளி நில்லு."

எனக்குச் சுருக்கென்றது. வந்த மருமகள் தீண்டத்தகாதவளாகிவிட்டேனா என்று அன்று ராத்திரிச் சோற்றைக் கோபமாகத்தான் போட்டேன்.

இரண்டாம் நாளே அத்தை ஒரு பழைய கதவுப் பலகையைக் கொண்டுவந்து படத்தின் முன்னால் போட்டார். "சாமி முன்னாடி வெறுந்தரையில நிக்கப்படாது. எல்லாரும் பலகை மேல ஏறி நில்லுங்க" என்று அதட்டினார். குழந்தைகள் ஓடிவந்தால் கையைப் பிடித்து இழுத்துப் பலகையில் ஏற்றினார். பலகை வந்த பிறகு யாருக்கும் அவ்வளவாகச் சிலிர்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று ஒருத்தர் முகம் சுருங்கினார். கூட்டம் கொஞ்சம் குறைந்தது.

அத்தை மட்டும் பலகையில் ஏறவில்லை. எல்லோரும் போனபின், வெறுந்தரையில் நின்று, சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து நிற்பார். கை லேசாக நடுங்கும். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். எனக்கு விளக்கைவிட அந்தச் சிரிப்புதான் அதிக பயமாக இருந்தது.

இரண்டு வெளிச்சம்

ஒரு மத்தியானம் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மோட்டார் கொட்டகை, கதவு வழியாக இன்னொரு பக்கம் நடு அறைச் சுவர். மூணு பேஸ் வந்தால் தெரிய வேண்டும் என்று கொட்டகையில் ஒரு பல்பைப் போட்டபடியே விட்டிருப்பார்கள். கொட்டகைக்கு வீட்டோடு சேராத தனி லைன், தனி பீஸ். அது எரிந்தது. தற்செயலாகத் திரும்பினேன். சிவப்பு விளக்கும் எரிந்தது. கொட்டகை பல்பு ஒருமுறை கண்ணடித்து நின்றது. இங்கேயும் அப்படியே.

மூன்று நாள் பார்த்தேன். ஒன்றாக வந்தன, ஒன்றாகப் போயின. சவரி மோட்டார் போடப் போகும் அதே நேரம்.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்கு அன்றுதான் நிஜமான பயமே பிடித்தது. சட்டத்தில் கரண்ட் இருக்கிறது. தரை காய்ந்திருப்பதால் இத்தனை நாள் தப்பித்தோம். மழைக்காலம் வரப்போகிறது.

கணவரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவினார். "எங்கயோ ஒயரு ஒட்டிக்கிச்சு போல. அறுத்துடலாம். ஆனா அம்மா இப்பத்தான் ரெண்டு வேள சாப்பிடுது. சவரி உசுரோட இருக்கான்னு நம்பிக்கிட்டு இருக்குது. அத நீ போயிச் சொல்றியா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தனை பேச்சுப் பேசுகிற நான்.

மழை பிடித்தது

அப்புறம் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. ஓட்டு இடுக்கில் ஒழுகி, நடு அறைச் சுவர் படத்துக்குப் பின்னால் கருப்பாக நனைந்து இறங்கியது. விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தது. அந்த முனகல் சமையலறை வரை கேட்டது.

கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு அத்தை உள்ளே ஓடிவந்தார். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். துணிகளை ஒரு மூலையில் போட்டுவிட்டு, ஈரக்காலோடு நேராகப் படத்தின் முன் போனார். கை உயர்ந்தது.

"அத்தை, தொடாதீங்க! அது கரண்ட்டு! கொட்டாயில மூணு பேஸ் வந்தா இங்க எரியுது. சத்தியமா, நான் பாத்தேன்!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. திரும்பினார். முகத்தில் கோபமில்லை.

"தெரியும் கண்ணு."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"அது சவரி இழுத்த ஒயரு. மூணு பேஸ் வந்தா வூட்லயே தெரியணும்னு கொட்டாயில இருந்து இழுத்து, இங்க ஒரு பல்பு மாட்டியிருந்தான். அவன் போன பொறவு உங்க மாமா பல்பக் கழட்டி எறிஞ்சுட்டாரு. ஒயரு படத்துக்குப் பின்னாடியே கெடந்துச்சு. எல்லாம் கருகுன அன்னிக்கு அதுவும் வெளக்கு ஒயரும் உருகி ஒட்டிக்கிச்சு. மொத நாளே தெரியும் எனக்கு."

"தெரிஞ்சுமா தொட்டீங்க?"

"அதுக்குத்தான பலகை போட்டேன். அதுக்குத்தான உன்னக் கிட்ட விடல."

"நீங்க மட்டும் ஏன் தரையில நின்னீங்க?"

அத்தை சட்டத்தைப் பார்த்தார். "அவன் போயி இத்தினி காலமா இந்த வூட்ல ஒருத்தர்கூட அவனப் பத்தி ஒரு வார்த்த பேசல. நானும் சாமிகிட்டக் கேட்டுக்கிட்டேதான் இருக்கறேன். தொட்டா பதிலுக்கு ஏதோ வருது. அவன் கையால முறுக்குன ஒயரு. எனக்கு அது போதும்."

"சவரி இழுத்த ஒயரா இது?"

பின்கதவில் மாமனார் நின்றிருந்தார். கொட்டகையிலிருந்து நனைந்து வந்தவர் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. அந்தப் பெயரை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அந்த அறைக்குள் அவர் வந்ததையும் அன்றுதான் பார்த்தேன். பலகையைச் சுற்றிக்கொண்டு போனார். நான் கத்துவதற்குள் வலது கையைச் சட்டத்தின்மேல் வைத்தார்.

உடம்பு ஒருமுறை விறைத்து, பின்னால் அடுக்கியிருந்த மஞ்சள் மூட்டைமேல் தூக்கி எறியப்பட்டது. விளக்கு ஆடியது. "ஏங்க!" என்று அத்தை அலறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உயிர் இருந்தது. மூச்சு இரைந்தது. மூட்டைமேல் சாய்ந்தபடி வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு சிவந்த கோடு.

"அன்னிக்கு அவன் ஒரு வார்த்தகூட எதுத்துப் பேசலியே, ஞானம்" என்றார். பிறகு சின்னப் பிள்ளைபோல அழ ஆரம்பித்தார்.

அத்தை அவர் தலையைத் தன் மடியில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு எழுந்தார். பின்கதவைத் தள்ளி, ஆணியில் தொங்கிய ரப்பர் செருப்பை எடுத்தார். அதன்மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். காலில் மாட்டிக்கொண்டார். அவருக்கு அது பெரிதாக இருந்தது.

"நான் போறேன் அத்தை."

"நீ இரு."

மழைக்குள் மெதுவாக, செருப்பு சேற்றில் அப்பி அப்பி எழ, கொட்டகையைப் பார்த்து நடந்தார். உள்ளே போனார். நான் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வழியாகப் பார்த்தேன். கொட்டகை பல்பு எரிந்துகொண்டிருந்தது. என் முதுகுப் பக்கம் அந்த முனகல். நேரம் போயிற்று. அவர் அங்கே நின்று என்ன யோசித்தார் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

பிறகு இரண்டும் ஒன்றாக அணைந்தன. முனகலும் நின்றது. வீட்டுக்குள் மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

சவரி வந்து நிற்பான் என்று எதிர்பார்த்துப் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவன் வரவில்லை. இன்றுவரை இல்லை.

அத்தை திரும்பி வந்தார். கொட்டகையில் பிடுங்கிய பீஸ் கட்டைகளை முந்தானையில் முடிந்திருந்தார். ஓட்டிலிருந்து கொட்டும் தண்ணீரில் செருப்பைக் கழுவினார், சேறு போக, ஒவ்வொன்றாக. ஆணியைப் பார்த்தார். அதில் மாட்டவில்லை. எங்கள் செருப்புகள் கிடந்த இடத்தில், மாமனாருடையதுக்கும் என்னுடையதுக்கும் நடுவில் கழற்றி விட்டுவிட்டு, "மாமாவுக்குச் சுடுதண்ணி வையி" என்றபடி உள்ளே வந்தார்.